பாட்டியின் பூத்தையல் பாவாடை: எந்தக் காலம், யார் கை?

மயிலாடுதுறையில் பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சிறுமியின் பாவாடையை எடுத்த சகோதரி ஒருவர், படங்கள் போட்டுக் கேட்டிருக்கிறார். கரும்பச்சைத் துணி. தோளில் மாட்டிக்கொள்ளும்படி பாடி வைத்துத் தைத்த பாவாடை. கீழ்விளிம்பைச் சுற்றி மாங்காய்க் கொடியும், கொடிக்கு நடுவே கிளிகளும். 1944இல் பாட்டிக்கு ஐந்து வயதானபோது பாட்டியின் அம்மா தன் கையால் தைத்தது என்று வீட்டில் சொல்லிவருகிறார்கள். கும்பகோணத்தில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவரோ, "எழுபதுகளில் மிஷினில் போட்டது, பழசே இல்லை" என்று சொல்லிவிட்டாராம். பாட்டி இப்போது இல்லை. அம்மாவுக்குச் சரியாக நினைவில்லை. இது எந்தக் காலத்து உடை, எப்படித் துவைப்பது, வரும் நவராத்திரிக்குத் தன் ஐந்து வயது மகளுக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அவர் மனதில் இருப்பது, வீட்டில் சொன்னதை நம்பலாமா கூடாதா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ததும், அக்கம்பக்கத்தில் பழைய பாவாடை, புடவை என்று கொண்டுவந்தால் பிரித்துச் சீர்செய்து கொடுத்ததும்தான் என் அனுபவம். படத்தில் பார்ப்பது கையில் வாங்கிப் பார்ப்பதற்கு ஈடாகாது. ஆனாலும் நீங்கள் உட்புறத்தையும் படம் எடுத்துப் போட்டது பெரிய உதவி. பூத்தையலைப் பொறுத்தவரை முன்பக்கம் அழகைக் காட்டும். எப்படித் தைத்தார்கள் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூத்தையல் கையால் போட்டது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மிஷின் எம்ப்ராய்டரியில் மேல்நூல், பாபின்நூல் என்று இரண்டு நூல் பின்னிக்கொள்ளும். மேலே எந்த நிறம் போட்டாலும் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒரே நிறத்துப் பாபின்நூல்தான் ஓடும். உங்கள் படத்தில் அப்படி இல்லை. கிளியின் அலகுக்குப் போட்ட சிவப்பு நூல் பின்பக்கமாகவே தாவி, பக்கத்து மாங்காயின் நடுப்பொட்டுக்குப் போயிருக்கிறது. தொடங்கிய இடத்தில் சின்ன முடிச்சு தெரிகிறது. இறக்கையை நிரப்பிய சாட்டின் தையல், முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. ஊசி துணியைச் சுற்றிச் சுற்றி வந்தால்தான் அப்படி விழும். கடைக்காரர் முன்பக்கத்து ஒழுங்கைப் பார்த்து மிஷின் என்று நினைத்திருக்கலாம். அன்றைய பெண்கள் பலருக்கு அந்த ஒழுங்கு கைவந்த ஒன்று.

பாவாடையின் பக்கத்தையல் மிஷினில் போட்டதுதான், அவர் சொன்னது அந்த அளவுக்குச் சரி. அதனால் உடை புதிது என்று ஆகிவிடாது. சிங்கர் மிஷின் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1940களில் மாயவரம், கும்பகோணம் மாதிரி ஊர்களில் தையல்காரர் மிதிமிஷின் வைத்திருந்ததில் அதிசயமில்லை. வசதியான வீடுகளிலும் இருந்தது. துணியை வெட்டிப் பக்கம் மூட்டுவது தையல்காரர் வேலை, பூ போடுவது வீட்டுப் பெண்கள் வேலை என்று பிரித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே 'கொள்ளுப்பாட்டி தைத்தது' என்று வீட்டில் சொல்வதற்கு, பூத்தையல் அவர் போட்டது என்றும் பொருள் கொள்ளலாம். இதை நீங்களே பார்த்துவிடலாம். பக்கத்தையல் ஓடும் இடத்தில் கொடி அறுபட்டு நிற்கிறதா, தையலுக்கு மேலேயே ஏறிப் போகிறதா? அறுபட்டு நின்றால் துணி தட்டையாக இருக்கும்போதே பூ போட்டுவிட்டு அப்புறம் மூட்டியிருக்கிறார்கள். மேலே ஏறிப் போனால் மூட்டிய பிறகு போட்டது. ஒரு பக்கம் அறுபட்டு, மறுபக்கம் ஒரே ஒரு மாங்காய் மட்டும் மூட்டின் மேல் உட்கார்ந்திருந்தால், மிகவும் பொறுமையாக ஒருவர் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை. விற்பனைக்குத் தைப்பவர்கள் அந்த ஒரு மாங்காய்க்காக மெனக்கெட மாட்டார்கள்.

இனி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்ட படத்துக்கு வருகிறேன். பாவாடையை விரித்துப் போட்டு எடுத்த மூன்றாவது படம். பூ வேலைக்குச் சற்று மேலே, சுற்றிலும் இரண்டு பட்டைகள், மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாகத் தெரிகின்றன. இதைக் கறை என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். கறை இல்லை. மற்ற துணிதான் வெளுத்திருக்கிறது. அந்த இரண்டு பட்டையும்தான் துணியின் பழைய நிறம். வளர்கிற பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது நீளம் கூடுதலாக வைத்து, அந்தக் கூடுதலை டக் பிடித்து மடித்துத் தைத்துவிடுவது வழக்கம். பெண் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரிப்பார்கள். மடிப்புக்குள் இருந்த துணி வெயிலும் பார்க்காது, துவைக்கும்போது அதிகம் அடியும் படாது. பிரித்தவுடன் புதுத்துணி மாதிரித் தெரியும். ஒரு அங்குல டக்கைப் பிரித்தால் இரண்டு அங்குலம் நீளம் கிடைக்கும். உங்கள் படத்தில் அளவுகோல் வைத்திருப்பதால் ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய இரண்டு அங்குலம் என்று தெரிகிறது. ஐந்து வயதுப் பெண் ஆண்டுக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலே வளர்வாள். அப்படியானால் முதலில் போட்டுக்கொண்ட பெண் ஏழு, எட்டு வயதுவரை இதைப் போட்டிருக்கிறாள். பாவாடையை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். பட்டையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிய வேண்டும்.

இந்த இரண்டு பட்டையையும் தாண்டி, அவற்றோடு சேராத வேறொரு இடத்தில், இன்னும் பிரிக்காத டக் ஒன்று இருக்கிறது. அதன் தையல் மட்டும் கொஞ்சம் பளபளப்பான, மெல்லிய, முறுக்கேறிய நூலில் ஓடுகிறது. எனக்குப் பாலியஸ்டர் நூலாகத் தெரிகிறது. கடைக்காரர் எழுபதுகள் என்று சொல்ல இதுவும், முதுகுப்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் பிரஸ் பட்டனும்தான் காரணமாக இருக்க வேண்டும். நம்மூர்த் தையல்காரர்களிடம் பாலியஸ்டர் நூல் பரவியது அறுபதுகளுக்குப் பிறகுதான் என்பதால், அந்த டக்கைப் பற்றி மட்டும் கேட்டால் அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பாவாடை போட்டிருந்த பெண் வளர்ந்துகொண்டேதான் போவாள், குட்டையாக மாட்டாள். பிரித்து நீளமாக்கிய பாவாடையை மறுபடியும் டக் பிடித்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள் என்றால், அது இன்னொரு சின்னப் பெண்ணுக்காக. உங்கள் அம்மாவாகவோ, அம்மாவின் அக்கா தங்கையாகவோ இருக்கலாம். பிளாஸ்டிக் பட்டனுக்குப் பக்கத்தில் துணியில் துருப்பிடித்த சின்ன வட்டம் தெரிகிறதே, அங்கே முன்பு இரும்பு ஹூக்கோ இரும்புப் பட்டனோ இருந்து, துருவேறியதால் எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறார்கள். ஆக, வீட்டில் சொன்னதும் கடைக்காரர் சொன்னதும் ஒன்றை ஒன்று அடித்துவிட வேண்டியதில்லை. ஒரு தலைமுறையில் தைத்து, இன்னொரு தலைமுறையில் திருத்திய உடையாகவே இதை நான் பார்க்கிறேன்.

சரி, 1944 என்ற ஆண்டு? அதை உறுதிசெய்ய படம் போதாது. அறுபதுகளுக்கு முந்தியது என்று சொல்லக் காரணங்கள் இருக்கின்றன, ஆனால் 1944ஆ 1954ஆ என்று துணியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பாடியின் உட்துணி மூன்று வெவ்வேறு துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்ததாக இருக்கிறது. யுத்த காலத்தில் துணிப் பஞ்சம் கடுமையாக இருந்தது, 1943இல் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாட்டு ஆணையே போட்டது என்பது உண்மை. அதை வைத்து, "பாருங்கள், ஒட்டுப் போட்டிருக்கிறது, யுத்தகாலத்து உடைதான்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிச்சத் துணியை உள்ளே ஒட்டுப் போடுவது எல்லாக் காலத்திலும் எல்லா வீட்டிலும் செய்ததுதான். பாட்டியின் பிறந்த ஆண்டு பள்ளிச் சான்றிதழிலோ ஜாதகத்திலோ இருந்தால், அதோடு பாவாடையின் முதல் நீளத்தைச் சேர்த்துப் பாருங்கள். இன்னும் பிரிக்காத டக்குக்குள் மடங்கியிருக்கும் துணியையும் சேர்த்து முழு நீளத்தை அளந்து, இரண்டு பட்டையின் நான்கு அங்குலத்தைக் கழித்தால் முதல் நீளம் வரும். அது உங்கள் மகளின் தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒத்துவந்தால், ஐந்து வயது என்ற பேச்சுக்காவது ஒரு ஆதாரம் கிடைத்துவிடும்.

துணியும் நூலும் என்னவென்று தெரிந்துகொள்வது காலத்துக்கும் உதவும், துவைப்பதற்கும் உதவும். உட்பக்கத் தையல் ஓரத்திலிருந்து ஒரு இழையை மட்டும் உருவி, சாமணத்தில் பிடித்து, உடையை அந்தப்பக்கம் வைத்துவிட்டு, ஒரு தட்டின் மேல் பற்றவையுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, பொடிச் சாம்பல். பட்டு என்றால் முடி பொசுங்குகிற நாற்றம். விரலில் நசுக்கினால் உதிர்கிற கரிமணி. பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். ரேயானும் பருத்தி மாதிரியே எரியும், அதனால் அந்த இரண்டையும் இந்தச் சோதனையில் பிரிக்க முடியாது. அன்றைக்குப் பூ போட ஆர்ட் சில்க் என்று சொல்லி ரேயான் நூல் நிறைய புழங்கியது. உங்கள் கிளிகளின் பளபளப்பு எனக்கு அந்தச் சந்தேகத்தைத் தருகிறது. ரேயான் நனைந்தால் அதன் வலுவில் பெரும்பகுதி போய்விடும். காய்ந்தபின் திரும்பக் கிடைக்கும் என்றாலும், ஈரமாக இருக்கும்போது கசக்கினால் நூல் அறுந்துவிடும்.

மாங்காயின் நரம்பாக ஓடும் ஜரிகை கறுத்திருப்பதால் அது உலோக ஜரிகை என்பது தெளிவு. பின்னாளில் வந்த பிளாஸ்டிக் ஜரிகை இப்படிக் கறுக்காது. ஜரிகையை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் மேல்தகடு உரிந்துவிடும் என்பதால், மேலே படிய வைத்து, மெல்லிய நூலால் சற்று இடைவெளிவிட்டுப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். உங்கள் நான்காவது படத்தைப் பெரிதாக்கினால் மஞ்சள் நூல் கட்டு ஒவ்வொன்றும் தெரிகிறது. சுத்த ஜரிகையில் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டிழையின் மேல் சுற்றி, தங்கமுலாம் பூசியிருப்பார்கள். மட்டமானதில் உள்ளே இருப்பது செம்பு. ஜரிகை நைந்து பிரிந்த முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சிவப்போ மஞ்சளோ சாயமேற்றிய பட்டிழையும் அதைச் சுற்றி வெண்மையான தகடும் தெரிந்தால் சுத்த ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். செந்நிறத் தகடும் ஆங்காங்கே பச்சைப் பாசியும் தெரிந்தால் செம்பு. எதுவாக இருந்தாலும் புளி, விபூதி, பற்பசை என்று போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். முலாம் மிக மெல்லியது, கறுப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும். கறுப்பை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. பழைய பட்டு வாங்குகிறவர்கள் தெருவில் வந்து வெள்ளிக்காக எடுத்துப்போய் எரித்த பட்டுப்பாவாடைகள் எத்தனையோ. உங்களுடையது பருத்தித் துணியாகவும் ஜரிகை கொஞ்சமாகவும் இருந்ததால்தான் பெட்டியில் தங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைத் 'தஞ்சாவூர் எம்ப்ராய்டரி' என்று சொல்லலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நான் சொல்ல மாட்டேன். டெல்டாவின் சொந்தத் துணிக்கலை என்றால் திருபுவனம் பட்டு, கூறைநாட்டுப் புடவை, தேருக்கும் கோயிலுக்கும் துண்டுத்துணி ஒட்டித் தைக்கும் தொம்பை என்று சொல்லலாம். உங்கள் பாவாடையில் இருக்கும் சங்கிலித் தையல், கொடிக்காம்பு போடும் காம்புத் தையல், இதழ் போடும் லேசி டெய்சி எல்லாம் பள்ளிக்கூடம் வழியாக வந்தவை. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1707இலேயே பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். 19ஆம் நூற்றாண்டில் மிஷன் பெண்கள் பள்ளிகளில் ஊசிவேலை வழக்கமான பாடமாகிவிட்டது. பிறகு மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. தையல் வெளியிலிருந்து வந்தது, ஆனால் கொடியும் கிளியும் நம்முடையவை. அந்த மாங்காய் வரிசை ஒரு பட்டுப்புடவைக் கரையைப் பார்த்து எடுத்தது போலவே இருக்கிறது. பூ நூல் விலகிய இடத்தில் நீலப்புள்ளிகள் தெரிந்தால், காகிதத்தில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் நீலப்பொடி குழைத்துத் தடவி அச்செடுத்திருக்கிறார்கள் என்று பொருள். தொடர்கோடாக இருந்தால் கார்பன் தாள்.

கொள்ளுப்பாட்டியின் கைதானா என்பதற்கு ஒரே ஒரு வழி இருக்கிறது. அதே பெட்டியில் அவர் தைத்தது என்று உறுதியாகத் தெரிந்த வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' போட்ட தலையணை உறை, தட்டு மூடுகிற துணி, பள்ளித் தையல் நோட்டில் ஒட்டிய மாதிரித் துணி, எதுவானாலும் சரி. இரண்டிலும் காம்புத் தையலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தைக்கும்போது நூலை ஊசிக்குக் கீழே விட்டால் தையல் ஒரு பக்கம் சாயும், மேலே விட்டால் மறுபக்கம் சாயும். ஒருவர் எப்படிப் பழகினாரோ அப்படியேதான் கடைசிவரை தைப்பார்; அது கையெழுத்து மாதிரி. பிரெஞ்சு முடிச்சுக்கு எத்தனை சுற்று, நூலை எப்படி முடித்திருக்கிறார் என்பதையும் ஒப்பிடுங்கள். இவை எல்லாம் ஒத்துப்போனாலும் ஒரே பள்ளியில் படித்த அக்கா தங்கை இருவராக இருக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் வேறு கை என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

துவைப்பதைப் பற்றி: அவசரப்படாதீர்கள். பூச்சியரிப்போ பூஞ்சையோ இல்லையென்றால் துவைக்காமல் விடுவதே என் யோசனை. முதலில் பழைய மல் துணியை மேலே பரப்பி, தூரிகையால் தூசியை மெல்லத் தள்ளி எடுங்கள். கட்டாயம் நனைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு நிற நூலின் பின்பக்கத்திலும் ஈரமான வெள்ளைப் பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பில்தான் சாயம் இறங்கும். ஒரு நிறம் இறங்கினாலும் தண்ணீரில் போடாதீர்கள். துரு இருக்கும் இடத்தில் எலுமிச்சையும் உப்பும் போடச் சொல்வார்கள். பச்சைச் சாயமும் சேர்ந்து போய்விடும், வேண்டாம்.

மகளுக்குப் போடலாமா? டக் பிரித்த மடிப்புக் கோடுகளிலும் அக்குளிலும் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழை விலகி, சல்லடைபோல் வெளிச்சம் வந்தால் போடக்கூடாது. கொலுவில் ஒரு பலகையில் விரித்து வையுங்கள், அழகாக இருக்கும். துணி உறுதியாக இருந்தால், உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டுவிட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு முன்னால், ஒரு படம் எடுக்கிற நேரம் போடலாம். ஐந்து வயதுப் பிள்ளை அசையாமல் உட்காராது, பாடியின் தோள்தையல்தான் முதலில் கிழியும் என்பதால் அதற்குமேல் நான் சம்மதிக்க மாட்டேன்.

என்னைக் கேட்டால் இதைப் பார்த்து இன்னொன்று தையுங்கள். ஒரிஜினலில் துளையிடவோ கார்பன் வைக்கவோ வேண்டாம். பூ வேலையை நேர் மேலிருந்து அளவுகோலோடு படமெடுத்து, அசல் அளவில் அச்செடுத்து, அதிலிருந்து புதுத் துணிக்கு மாற்றுங்கள். பருத்திச் சாட்டின் எடுத்து, முதலில் துவைத்துச் சுருக்கம் போக்கிவிட்டு வெட்டுங்கள். ஆங்கர் நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்துக் கோத்தால் பழைய வேலையின் மென்மை வரும். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சுற்றுக்கரை முடிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும், அதனால் நவராத்திரிக்கு என்றால் இப்போதே தொடங்க வேண்டும். டக்கும் இரண்டு வைத்துவிடுங்கள்.

பழையதைத் திரும்பப் பெட்டியில் வைக்கும்போது பிளாஸ்டிக் பையிலும் செய்தித்தாளிலும் சுற்றாதீர்கள். கஞ்சி போடாமல் துவைத்த பழைய வெள்ளைத் துணியில் சுற்றி, மடிப்புக்குள் துணிச்சுருள் வைத்து, தட்டையாக வையுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் நம்மூர்ப் பெட்டிகள் உள்ளேயே வியர்க்கும். மழை முடிந்து தை பிறந்ததும் நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, மடிப்பை வேறு இடத்துக்கு மாற்றி மடித்து வையுங்கள். தலையணை உறை கிடைத்தால் காம்புத் தையலை மட்டும் நெருக்கத்தில் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.